தங்கச்சியின் மெழுகுக்கட்டி

அவள் உயிருக்கு அன்று காலை சொல்லப்பட்ட விலை நாலாயிரத்து எண்ணூறு.

"மூணு டெஸ்ட்டும் சேர்த்தா?" என்றாள் பட்டன்கடைக்காரி. "மொத்தமா எடுக்கறேன், கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடும்மா."

"இது லேப் அக்கா, சந்தை இல்ல." கவுண்டருக்குள் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பட்டன்கடைக்காரி பையிலிருந்து ஒரு பட்டன் டப்பாவை எடுத்து, பஞ்சை விலக்கி, மெழுகுக்கட்டியை வெளியே வைத்தாள். தபால்தலை அளவுதான். வெள்ளை மெழுகுக்கு நடுவே நூல் துண்டுகள் போலக் கிடந்தது, அவளுடைய இடது மார்பிலிருந்து ஊசி வைத்து எடுத்த சதை. வெயிலில் வைத்தால் உருகிவிடும் என்று எச்சரித்து ஆஸ்பத்திரியில் அவள் கையிலேயே கொடுத்தனுப்பியிருந்தார்கள். பேருந்தில் டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்னவென்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர் கேட்கவில்லை.

"பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

மனம் யோசிப்பதற்குள் வாய் வியாபாரத்தில் இறங்கிவிட்டது. சரக்கு எடுக்கப் போகிற இடத்தில் தனக்குத்தான் வேண்டும் என்று காட்டிக்கொண்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். வேறு யாருக்கோ விசாரிக்க வந்ததுபோல் அசட்டையாக நிற்க வேண்டும். அப்போதுதான் விலை இறங்கும்.

"தங்கச்சி," என்றாள்.

விலை இறங்கவில்லை. ஆனால் லேப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. நோயாளியிடம் பேசாததையெல்லாம் உறவுக்காரர்களிடம் பேசுவார்கள் போலும். மெழுகுக்கட்டியை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்களாம். ஒவ்வொரு புரதத்தையும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற மருந்தை அதன்மேல் விடுவார்களாம். புரதம் இருந்தால் பழுப்பு நிறம் ஏறும்.

"ஹார்மோன் புரதம் ரெண்டு. அதுல நிறம் ஏறிச்சுன்னா, மார்புல இருக்கற புத்துக்கட்டி ஹார்மோனைத் தின்னு வளருதுன்னு அர்த்தம். அதுக்கு மாத்திரை இருக்கு. மூணாவது ஹெர்-டூ. அது நிறைய இருந்தா, அதுக்குன்னே ஊசி இருக்கு. எதுவுமே ஏறலேன்னா..."

"ஏறலேன்னா?"

"வைத்தியம் இருக்கு. ஆனா நம்ம கையில ஆயுதம் கம்மி. தங்கச்சிகிட்ட இதைச் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

அந்த வாரம் முழுக்கக் கடையில் வழக்கம்போல வாய் ஓயவில்லை. நாள் பூராவும் பேச்சுதான். எல்லாம் சட்டைக்கு, பாவாடைக்கு, டஜனுக்கு. ஷட்டரை இறக்கியதும் பேச்சும் இறங்கிவிடும். கணவர் போன பிறகு வீட்டில் அவள் குரலை அவளே கேட்பது, பால் பொங்கும்போது "அய்யோ" என்று சொல்கையில் மட்டும். பழுப்புக் கறை பட்ட பட்டன் அட்டைகளை முகத்திலடித்தாற்போல் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவள், இப்போது கறை படியட்டும், நன்றாகப் படியட்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தாள்.

ரிப்போர்ட் வாங்கப் போனபோது லேப் பெண் எழுந்தே வந்தாள்.

"ஹார்மோன் ரெண்டும் நல்லா ஏறியிருக்கு அக்கா. மாத்திரை கேக்கும். ஹெர்-டூ மட்டும் ரெண்டு ப்ளஸ். பூஜ்யமோ ஒண்ணோ வந்தா ஊசி கிடையாது. மூணு வந்தா உண்டு. ரெண்டுன்னா எதுவும் சொல்ல முடியாது. அதே மெழுகுக்கட்டியில ஜீனைப் பார்க்கற இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்."

"வீட்ல கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டுப் போற கஸ்டமர் மாதிரியில்ல இருக்கு."

லேப் பெண் சிரித்தபடியே தாளைப் புரட்டினாள். வயது எழுதியிருந்த இடத்தில் கண் நின்றது. "தங்கச்சி உங்களைவிட எவ்வளவு சின்னவங்க?"

"ரெட்டைப் பிள்ளைங்க. அவ கொஞ்சம் பிந்தி வந்தா."

லேப் பெண் தாளிலிருந்து உடனே நிமிரவில்லை. "பயப்படறாங்களா?"

"பயப்படுவா. வெளிய காட்டிக்க மாட்டா, அழுத்தக்காரி."

"கூட யார் இருக்காங்க?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பேரம் இல்லை.

"நான்தான்," என்றாள்.

"அப்ப அவங்களைத் தனியா விட்டுடாதீங்க அக்கா. வெயில்ல வந்திருக்கீங்க, கீழே கேன்டீன்ல ஏதாவது குடிச்சிட்டுப் போங்க. அடுத்த ரிப்போர்ட்டுக்கு நானே போன் பண்றேன்."

"எந்த நம்பருக்கு?"

"உங்க நம்பருக்குத்தான்," என்றாள் லேப் பெண். "தங்கச்சி நம்பரும் அதுதானே."

கேன்டீன்காரர் எத்தனை டீ என்று கேட்டார். இரண்டு என்றாள். ஜன்னலோர மேசையில் ஒன்றைத் தன் பக்கமும் மற்றதை எதிர் நாற்காலிப் பக்கமும் வைத்து, சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோல அதைக் கொஞ்சம் நகர்த்தியும் வைத்தாள்.

வாங்கியது இரண்டு. குடித்தது ஒன்று. மீதி ஒன்று, ஆடை படிந்தபடி.