புல்லில் கிடந்த வெள்ளைக் கற்கள்

"தம்பிக்குப் பேரே வைக்கலையேம்மா, அப்ப ஆண்டவர் அவனை எப்படிக் கூப்பிடுவாரு?"

ஐந்து வயதில் ஃபிடெல்மா இப்படிக் கேட்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

அறுபது வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, டப்ளின் ஆஸ்பத்திரியில் ஒன்றாக வேலை பார்த்த ஊனாவையும் மலாக்கியையும் அயர்லாந்தின் மேற்கே மேயோவிலுள்ள தன் ஊர்க் கடற்கரைக்கு அவளே அழைத்து வந்திருந்தாள். அதிசயமாக மழை இல்லை. பாறையிடுக்கில் நத்தை பொறுக்கினார்கள். மணலில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் தேநீர் குடித்தார்கள். மலாக்கி மட்டும் தனியாக மேட்டில் ஏறிவிட்டு வந்தான். அவன் தொப்பியில் நான்கு வெள்ளைக் கற்கள். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"பாருங்கடி, என் கோபுரம்!"

"உன்னை மாதிரியே கோணலா நிக்குது," என்று ஊனா சிரித்தாள்.

ஃபிடெல்மா சிரிக்கவில்லை. "எங்கேருந்துடா எடுத்தே?"

"அந்த இடிஞ்ச சுவருக்குள்ள. புல்லுல சும்மா கிடந்துச்சு."

"சும்மாவா? அறிவிருக்கா உனக்கு? ஒவ்வொண்ணும் ஒரு பச்சைக் குழந்தைடா!"

ஃபிடெல்மா எழுந்து மேட்டைக் காட்டினாள்.

"ஞானஸ்நானத்துக்கு முன்னாடி செத்துட்டா கோயில் கல்லறையில இடம் கிடையாதுன்னாரு சாமியார். வாசல்ல நிக்க வெச்சே சொன்னாரு. எங்கப்பா தம்பியை ஒரு பெட்டியில வெச்சு இங்கே தூக்கிட்டு வந்தாரு. ஊர்ல ஒருத்தர் வரலை. பக்கத்து வீட்டு பார்த்லி மட்டும் கூப்பிடாமலே மண்வெட்டியோட வந்து குழி வெட்டினாரு. அவரு குழந்தையும் அங்கேதான் கிடக்கு. பேரு கிடையாது, சிலுவை கிடையாது. ஒரு வெள்ளைக் கல்லுதான். அதையும் நீ விளையாடத் தூக்கிட்டு வந்துட்டே!"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று மலாக்கி இழுத்தான்.

"சொல்லலைதான்! நாப்பது வருஷமா உங்ககிட்டக்கூடச் சொல்லலை. வெட்கப்படணும்னு கத்துக்குடுத்தாங்க, நானும் நல்லாக் கத்துக்கிட்டேன்!" கற்களைப் பார்த்தாள். நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. "இதுல எதுடா என் தம்பி? சொல்லு!"

மலாக்கி எழுந்தான். கற்களைத் தொப்பியில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினான். அவர்கள் பின்னால் போனார்கள்.

புல்லில் நான்கு இடங்கள் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தன. வலிக்கும் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு தடத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொருந்தாததை எடுத்தான். ஒட்டியிருந்த மணலைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அடுத்த தடத்தில் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று பொருந்தின. முள்செடியோரம் கடைசிக் கல் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

"அதுதான். அந்த முள்செடி எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் ஃபிடெல்மா.

அவனை இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் வாய் திறந்தாள். அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் அவன்மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. ஆனால் அந்தச் சாமியார்மேல் இருந்த கோபம் இம்மியும் குறையவில்லை. ஆண்டவரே, இவனுக்காவது தெரியாது. அந்த மனிதருக்கு எல்லாம் தெரியுமே!

"கார்ல இருக்கோம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருந்துட்டு வா," என்று ஊனா அவள் தோளைத் தொட்டாள். இருவரும் இறங்கிப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் தம்பிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். பார்த்லி செத்து இருபது வருஷம் ஆகிறது. வாரிசு இல்லை. அவர் தன் குழந்தைக்கு அங்கே வைத்த கல்லை மண் விழுங்கியிருந்தது. புல்லைப் பிடுங்கினாள். வேர் பெயரவில்லை, விரலால் தோண்டினாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. ஒரு சாண் ஆழத்தில் வெள்ளை தெரிந்தது. அதைக் கிளப்பி எடுத்தாள். பள்ளத்தை மண்ணால் நிரப்பிக் கையால் அழுத்தினாள். கல்லை அதன்மேல் நேராக உட்கார வைத்து, தன் ஸ்வெட்டர் கையால் பளிச்சென்று ஆகும்வரை துடைத்தாள்.