கடுகளவு பூ

பினாங்கு மலை உச்சியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்தது. அங்கே நவமணி தோட்ட வேலை பார்த்தாள். அவள் கணவன் வேலு மலை ரயில் பாதையில் கல் போடும் கூலி. இருவரும் பாதையோரம் ரயில்காரர்கள் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் குடியிருந்தார்கள்.

துரைக்கு ஆர்க்கிட் பைத்தியம். பெரிய பூ பூக்கிறவை வேண்டாம். மேகம் படியும் காட்டில் பாசி பிடித்த கிளைகளை ஒட்டி வளரும் குட்டிச் செடிகள்தான் வேண்டும். இலை ஓர் அரிசி நீளம் இருக்கும். பூ கடுகளவு. ஆள் வைத்துப் பறித்து வந்து, கண்ணாடிக் கூரைக்குக் கீழே தொட்டியில் மண் போட்டு நட்டார். இரண்டே மாதத்தில் வேர் அழுகியது. மறுபடி பறித்து வந்தார்கள். மறுபடி அழுகியது.

"அதுக்குக் காத்துதான் வேணும், மண்ணு வேணாம்னு தொரைகிட்டச் சொல்லுங்க கிராணி" என்றாள் நவமணி.

பங்களாக் கணக்கு எழுதி, கூலிகள் பேச்சைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லும் கிராணி ராமதாஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒனக்கு என்னா தெரியும்? தண்ணி ஊத்துறதுதான் ஒன் வேலை லா."

ஒருநாள் செத்த செடிகளைக் குப்பைக் குழியில் கொட்டச் சொன்னார்கள். கொட்டும்போது ஒரு செடியின் வேர் நுனி மட்டும் பச்சையாக இருந்ததை அவள் பார்த்தாள். அதை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அழுகிய வேரைப் பிளேடால் நறுக்கிவிட்டு, ஒரு மரப்பட்டையில் வாழைநாரால் கட்டினாள். மூடுபனி நேராக வந்து மோதும் பக்கத்துச் சுவரில், நத்தை ஏறாதபடி கம்பியில் தொங்கவிட்டாள். குழாய்த் தண்ணீர் ஆகவில்லை. மழைத்தண்ணீர் பிடித்து வைத்தாள். பனி இறங்காத நாளில், வண்ணார் இஸ்திரிக்கு முன் துணிமேல் ஊதுவதுபோல வாய் நிறையத் தண்ணீர் எடுத்துப் புகையாக ஊதினாள்.

"எனக்குக் காப்பி இல்ல, அதுக்குத் தண்ணியா?" என்று வேலு சிரித்தான்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓர் இலை வந்தது. இரண்டாம் வருஷம், 1931-இல், பதினொரு பூ பூத்தது. ரத்தச் சிவப்பு.

கிராணி சொல்லித் துரையே லயத்துக்கு வந்துவிட்டார். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சனிக்கிழமை டவுன்ல பூக்காட்சி. நீயே பத்திரமா எடுத்துக்கிட்டு வரணுமாம்" என்றார் ராமதாஸ். நவமணிக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

செடியை ஈரத்துணியால் மூடி, மடியில் வைத்து, மலை ரயிலில் இறங்கினாள். ஜார்ஜ் டவுன் மண்டபம் அடுப்படி மாதிரி கொதித்தது. மேசையில் செடியை வைத்ததும் கிராணி அதன் முன்னால் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தார்.

"என்னா எழுதியிருக்கு?"

"தொரை பேரு."

"வளத்தது நானுங்க."

"தோட்டக்காரி பேரை எவன் எழுதுவான்? பேசாம நில்லு."

நவமணி செடியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். துரைசானிகள் திரும்பிப் பார்த்தார்கள். துரை முகம் சிவக்க வந்து, வை என்று கை காட்டினார். கிராணியை நம்பி இனிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தையில் கற்ற மலாயில் நேராகவே சொன்னாள்: "இனி சாயா பூஞா, துவான்." இது என்னுடையது, துரை.

"வேலை போயிரும் நவமணி!" ராமதாஸ் பல்லைக் கடித்தார்.

"போகட்டும். குப்பையில கொட்டுனப்ப இது யாரு செடி? என் பேரை எழுதுங்க, வைக்கிறேன். இல்லாட்டி இது என் கையிலயே இருக்கும்."

நடுவர்கள் வந்தார்கள். காத்திருந்தார்கள். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். அவள் கை வலித்தது; செடியைக் கீழே வைக்கவில்லை. வெக்கையில் ஒரு பூ துவண்டதைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பினாள்.

வேலை போயிற்று. வேலு இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனான். மூன்றாம் நாள் அவனே காட்டில் விழுந்து கிடந்த கிளையிலிருந்து நல்ல பட்டைகளாக வெட்டி வந்து போட்டான். அவள் லயத்துக்குப் பின்னால் கீரை போட்டு விற்றாள். செடியைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். சுவரில் ஒன்பது பட்டைகள் தொங்கின. இரட்டைச் சம்பளம் தருவதாகத் துரை சொல்லி அனுப்பினார். "வரமாட்டேன்னு சொல்லுங்க" என்று கிராணியைத் திருப்பி அனுப்பினாள்.

மறு வருஷம் அவளே போய்ப் பூக்காட்சியில் செடியைப் பதிவு செய்தாள்.

"எந்த பங்களா?" என்று கேட்டார் எழுத்தர்.

"பங்களா இல்ல. நவமணி. அப்படியே எழுதுங்க."

அவர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். அவள் நகரவில்லை. எழுதினார்.

அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. குடம் போலப் பூத்த செடிகளுக்குத்தான் எல்லாம் போயிற்று. ஆனால் அன்று வந்தவர்கள் அவள் மேசையருகே குனியாமல் போகவில்லை. குனியாவிட்டால் அந்தப் பூ கண்ணுக்குத் தெரியாது. நவமணி மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள். மத்தியானம் வெயில் ஏறியதும் செடியை ஈரத்துணியால் மூடிக்கொண்டு மலை ரயிலுக்கு நடந்தாள்.