ஒரே வீட்டார் மட்டும்

சின்னவனுக்கு இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும், படுத்தால் எழுந்து நடப்பான். ஏரிக்குப் போகும் நாட்களில் அந்தத் துடிப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும். வீட்டிலிருந்தால் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடைதான். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அண்ணன் சத்தம் பொறுக்காமல் இரண்டு தட்டுத் தட்டுவான். நில் என்று அர்த்தம். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான்.

அப்பா போன பிறகு எழுந்த சுவர் அது. இருவர் மனைவிமாரில் ஒருத்தி குளிக்கும்போது இன்னொருத்தி தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டாள் என்று கிளம்பிய சண்டை, கூடத்தையே இரண்டாக வெட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது. கொத்தனார் போட்ட கோடு ஜன்னலின் நடுவே வந்து விழ, ஆளுக்கொரு ஜன்னல் கதவு கிடைத்தது. படகை மட்டும் வெட்ட முடியவில்லை. ஒருவன் துடுப்புப் போட்டால்தான் இன்னொருவன் வலை விட முடியும். அதனால் தண்ணீரில் மட்டும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள், அதுவும் வலையைப் பற்றி மட்டும்.

அப்போதுதான் தொற்று வந்தது, ஊரடங்கும் வந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று புது விதியைச் சொல்லிக்கொண்டு போனது. மீன் பிடிக்கலாம். கரையில் தனியாக நின்று தூண்டில் போடலாம். படகில் போவதென்றால் ஒரே வீட்டார் மட்டும்.

அடைபட்டுக் கிடந்த சின்னவனுக்கு உயிர் வந்தது. மறுநாளே இருவரும் படகைத் தள்ளும்போது ஏரிக் காவலர் வந்து மறித்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தாலும் ஆள் கறார் என்பது தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வீடா என்று கேட்டார்.

"ஒரே வீடுதான் சார்," என்றான் சின்னவன், கண்ணைக்கூட இமைக்காமல்.

அப்படியானால் நாளை வந்து பார்க்கிறேன், ஒரே வாசல், ஒரே அடுப்பு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவன் கடப்பாரையை எடுத்தான். முதல் செங்கல் பெயர்ந்ததும் ஓட்டையில் அண்ணன் முகம் தெரிந்தது. அவனும் அந்தப் பக்கம் உளியோடு நின்றான். "மெதுவாடா, ஜன்னல் கண்ணாடி," என்றான். தரையில் நின்று தம்பியிடம் பேச்சுக் கொடுத்து எத்தனையோ காலமாகியிருந்தது. ஆள் நுழைகிற அளவுக்கு வழி வந்ததும், விதி போனால் திரும்ப வைத்துக் கட்டிவிடலாம் என்று செங்கற்களை ஓரமாக அடுக்கிவைத்தார்கள். அண்ணன் வாசலைப் பழைய வலைகளைப் போட்டு அடைத்தாயிற்று. அடுப்பு ஒன்றானது. மனைவிமார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி உப்புப் போட்டதை மற்றவளிடம் சொல்லாததால் இரண்டு முறை உப்பு விழுந்த சாப்பாட்டை எல்லோரும் முகம் சுளிக்காமல் விழுங்கினார்கள்.

காவலர் வந்தார், அடுப்பைப் பார்த்தார், அனுமதி தந்தார். சின்னவன் மறுபடி தண்ணீரில் நிம்மதியாக இருந்தான்.

அது நீடிக்கவில்லை. படகிலேயே அண்ணனுக்கு இருமல் தொடங்கியது. காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் தொற்று உறுதியாகித் தன் பக்கத்துப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். மறுநாள் காலையில் சுகாதாரப் பணியாளர் ஓர் அம்மாள், வாசலில் ஒட்டும் தாளோடு வந்து நின்றார். நோயாளி இருக்கும் வீட்டில் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது, இந்த வீட்டில் யார் யார் என்று கேட்டார்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் கம்மிய குரலில் கத்தினான்.

"நாங்க தனித்தனி வீடும்மா. நடுவுல செங்கல் அடுக்கினாப் போதும். அவன விட்டுடுங்க, அவனால உள்ள கிடக்க முடியாது."

அந்த அம்மாள் சின்னவனைப் பார்த்தார். அவன் தெருவைப் பார்த்தான். தெருமுனைக்கு அப்பால் ஏரி. அண்ணன் சொன்னதுதானே உண்மை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தூண்டிலோடு கரையிலாவது நிற்கலாம். உள்ளங்கால் அரித்தது. அடைபட்டுக் கிடப்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. திரும்பினான். சுவர் வழியின் அந்தப் பக்கம் அண்ணி வெந்நீர்ப் பாத்திரத்தோடு தனியாக நின்றிருந்தாள்.

"ஒரே வீடுதான்மா. அடுப்பப் பாருங்க," என்றான் சின்னவன். இந்த முறை கண் இமைத்தது.

தாளை ஒட்டிவிட்டு அந்த அம்மாள் போனார். சின்னவன் நடக்க ஆரம்பித்தான். தன் வாசலிலிருந்து சுவர் வழியாக அண்ணன் அறைவரை, திரும்பவும் வாசல்வரை. மாலை வரைக்கும் நடந்து கால் ஓய்ந்து அண்ணன் அறை முன்னால் நின்றான். உள்ளேயிருந்து இரண்டு தட்டுக் கேட்டது.

"நின்னுட்டுத்தானே இருக்கேன், இப்ப எதுக்குத் தட்டற?" என்றான் எரிச்சலாக.

உள்ளே இருமல் ஓயக் கொஞ்ச நேரமாயிற்று.

"அதுக்குத்தான்டா தட்டினேன். நட. சத்தம் நின்னா எனக்குப் பயமா இருக்கு."

சின்னவன் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, அண்ணனுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.