இந்த வருடத்துப் பாட்டு

சத்தியராஜுக்கு அந்த மெட்டு வந்தது தக்கலையிலிருந்து நெய்யூர் போகும் பேருந்தில், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில். ஒரு சாவு வீட்டில் மூன்று மணிநேரம் டிரம்பெட் ஊதிவிட்டு வந்த வாய். உதடுகள் மரத்துத் தடித்திருந்தன. வாத்தியப் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இறங்கியதும் ஒரு கட்டன்சாயா குடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே இல்லாமல் நின்றவருக்குள் யாரோ முனகுவதுபோல் இரண்டு வரி ஓடியது. விட்டால் போய்விடும். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு முனகினார். பக்கத்தில் நிற்பவர்கள் கிறுக்கன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று நடுநடுவே "ஆங்... ஆங்... செரி, சொல்லும்" என்று யாருக்கோ பதில் சொல்வதுபோல் சேர்த்துக்கொண்டார். இருக்கையில் இருந்த ஒரு பெண் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். வீட்டில் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோது, கண்டக்டர் சில்லறை கேட்டுக் கத்துவதற்கும் பிரேக் சத்தத்துக்கும் இடையில் அந்த இரண்டு வரியும் உயிரோடு இருந்தன. சத்தியராஜ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அப்பாடா, வந்துவிட்டது என்று மட்டும் தோன்றியது.

வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடமாக அந்த ஆலயத்தில் கிறிஸ்துமஸ் கீதாராதனை அவருடைய புதுப்பாட்டோடுதான் தொடங்கும். ஒவ்வொரு டிசம்பருக்கும் ஒன்று. முதல் பத்து வருடம் பாட்டுகள் தானாக வந்தன. பிறகு இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. போன வருடத்துப் பாட்டு அதற்கு முந்தின வருடத்துப் பாட்டுக்குச் சட்டை மாற்றிவிட்டதுபோல் இருந்ததை அவரே பாடும்போது உணர்ந்தார். சபைக் கமிட்டிக்கும் காது இருக்கிறது அல்லவா? அக்டோபர் கடைசியில் ஜெப்சன் வீட்டுக்கு வந்தான். வங்கியில் வேலை, பாடகர் குழுவின் செயலாளர், கீபோர்டும் அவன்தான். இரண்டு அச்சப்பம் தின்று, வானிலை பேசி, பேத்திக்குப் பல் முளைத்ததை விசாரித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான்.

"மாஸ்டரே, கமிட்டியில ஒரு அபிப்பிராயம். இப்பம் எல்லா சர்ச்சிலயும் டிராக்குதானாம். நெட்டுல நல்ல நல்ல பாட்டு, மியூசிக்கோட கெடைக்கு. நாம கூடப் பாடினா மதி. நான் சொல்லிட்டேன், இந்த ஒரு வருசம் மாஸ்டர் புதுசு போடட்டும், டிசம்பர் மொதச் சனிக்கிழமை ரிகர்சல்ல கேட்டுட்டுத் தீர்மானிப்போம்ணு."

அவன் நல்லவன். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. டிராக் வந்தால் தாளம் அதற்குள் இருக்கும், சுருதி இருக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுகூட இருக்கும். மாஸ்டர் என்று ஒரு ஆள் எதற்கு?

அன்றிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழைய நோட்டுகளைப் புரட்டினார். வார்த்தைகளுக்குக் குறையில்லை. சாவு நோட்டீசுகளின் பின்பக்கத்தில்தான் அவர் எழுதுவது வழக்கம். பேண்டு செட்காரன் வீட்டில் அவை தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். 'வைக்கோல் மணக்குது வாசலெல்லாம்' என்று நவம்பர் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டார். மெட்டுதான் வரவில்லை. கல்யாணம், அடக்கம், ஆலயத்து அசன விருந்து, மறுபடி அடக்கம் என்று நாள் முழுக்க அடுத்தவர் மெட்டு வாய் வழியாகப் போய்க்கொண்டே இருந்தால், சொந்தமாக ஒன்று எந்தச் சந்து வழியாக வரும்? எது முனகினாலும் எங்கோ ஊதியதாகவே முடிந்தது. மனைவி அடுக்களையிலிருந்து, "ஏதாவது ஒண்ணப் போட்டுத் தொலைங்க, ஏசு கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றாள்.

இப்போது வந்துவிட்டது. மிச்ச வரிகள் இரண்டே நாளில், இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்து சேர்ந்தன. மூன்றாவது வரியில் ஒரு வளைவு, மேலே போகும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் சட்டென்று இறங்கி நின்றது. அதைத் தான்தான் போட்டோமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆலயத்துக் கூடத்தில் பதினெட்டுப் பேர் கூடினார்கள். மின்விசிறிகள் கடகடத்தன. சத்தியராஜ் காகிதங்களைக் கொடுத்துவிட்டு முதல் வரியைப் பாடிக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பாடினார்கள். ஜெப்சன் கீபோர்டில் தேடிப் பிடித்து, தலையை ஆட்டி, "மாஸ்டரே, இது கொள்ளாம். இது மதி. டிராக்கும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்" என்றான். சத்தியராஜ் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். எத்தனை வருடமாயிற்று, இப்படி ஒரு வார்த்தை கேட்டு!

இரண்டாவது வரியைப் பாட வாயைத் திறப்பதற்குள் அந்த வரி கேட்டது. வார்த்தை இல்லாமல், வெறும் முனகலாக. பெண்கள் பக்கம் பின்வரிசையில் தங்கபாய். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள், கீழ்க்குரலில் பாடுகிறவள், வந்தால் வந்த இடம் தெரியாதவள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் வீட்டு ஜன்னலில் ஒட்டுக்கேட்டாயா என்று ஒருத்தி கேலி செய்தாள். தங்கபாய் சிரிக்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. மூன்றாவது வரிக்குப் போனாள். சட்டென்று இறங்கி நிற்கும் அந்த வளைவில், அவர் ஊதினால் எப்படி நிற்குமோ அப்படியே இறங்கி நின்றாள். பிறகு காகிதத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மெட்டுப் போடுகிற எவனுக்கும் கனவில்கூட வரக் கூடாத பயம் சத்தியராஜுக்கு வந்தது. யாருடையதையோ எடுத்துவிட்டோம். ஜெப்சன் உடனே போனை எடுத்து அதில் முனகித் தேடினான். அது ஒரு மலையாளச் சோப்பு விளம்பரத்தைக் காட்டியது. அதுவும் இதுவும் எட்டூர் தூரம். அவன் "ஒண்ணும் இல்ல மாஸ்டரே" என்றான். ஆனால் குரலில் பழைய துள்ளல் இல்லை.

வெளியே பைக்குகள் நிற்கும் தகரக் கொட்டகையின் கீழ் தங்கபாய் நின்றுகொண்டிருந்தாள்.

"தங்கபாயி, ஒள்ளதச் சொல்லு. எங்க கேட்ட இத?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "ஒங்களுக்கு ஓர்ம இல்லியா சத்தியண்ணா? நீங்க வாசிச்சதுதானே."

"நானா? எப்பம்?"

"அவரு அடக்கத்தன்னைக்கு. குழியில தண்ணி ஊறிட்டு. கோரக் கோர வந்துக்கிட்டே இருந்து. பெட்டியக் கல்லறைத் தோட்டத்து வாசல்ல வச்சுக்கிட்டு ஒரு மணிக்கூறு மழையில நின்னோம். அப்பம் நீங்க ஒத்தைக்கு நின்னு வாசிச்சீங்க."

சத்தியராஜ் நினைவைத் துழாவினார். அவள் புருஷன் ஞானசிங் செத்தது நான்கு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில். வாரத்துக்கு நாலைந்து அடக்கம். ஒரு குழியில் தண்ணீர் ஊறியதும், இரண்டு பேர் வாளியோடு உள்ளே இறங்கியதும், பெரிய டிரம்மின் தோல் நனைந்து தொளதொளத்துப் போனதும் ஞாபகம் வந்தன. அது ஞானசிங்கின் குழி என்பது வரவில்லை. பெட்டி குழிக்குள் இறங்கும்வரை வாத்தியம் நிற்கக் கூடாது. அது இந்தப் பக்கத்து வழக்கம். நின்றால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். துக்கப் பாட்டுகள் ஏழெட்டுதான் இருக்கின்றன. இரண்டு சுற்று முடிந்திருக்கும். டிரம்காரர்கள் ஒதுங்கியிருப்பார்கள். விரல் போன போக்கில் எதையோ ஊதி நேரத்தைக் கடத்தியிருப்பார். கண் வாளியிலும் மனசு கடைசிப் பேருந்திலும் இருந்திருக்கும். அவ்வளவுதான். வாழ்நாளில் உண்டாக்கிய நல்ல மெட்டு ஒன்றே ஒன்று. அதுவும் நேரங்கடத்த ஊதியது. சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாலு வருசமா எனக்க வாயில இதுதான்" என்றாள் தங்கபாய். "மரச்சீனிக் கெழங்கு நறுக்கச்சிலயும் இதுதான், விடிய வெளுப்புக்குப் பால்வெட்டப் போகச்சிலயும் இதுதான். மோளு கேக்கும், அம்மா அதென்ன பாட்டுண்ணு. ஒங்க அப்பாவுக்குள்ள பாட்டு மக்களேண்ணு சொல்லுவேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்பம் இத மாட்டுத்தொழுவப் பாட்டா எல்லாரும் சிரிச்சிக்கிட்டுப் பாடச்சில, எனக்கு நெஞ்சுக்குள்ள வெப்ராளமா வந்திட்டு. நீங்க தப்பா எடுத்துக்கிடாதீங்க. பாட்டு ஒங்களுக்க பாட்டு. நான் இந்த வருசம் பாட நிக்கல, அவ்வளவுதான்."

பிறகு அவளே கேட்டாள்.

"அத ஞானசிங்குக்குண்ணுதானே உண்டாக்கி வாசிச்சீங்க அண்ணா?"

ஞானசிங்கோடு அவர் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பாரா என்பதே சந்தேகம். உள்ளதைச் சொல்லிவிடலாம். அது யாருக்கும் இல்லை தங்கபாயி, தண்ணி கோரி முடியும்வரை சும்மா ஊதினது என்று. சொன்னால் மெட்டு அவருக்குத் திரும்பக் கிடைக்கும். பதினைந்து நாளில் ஆலயம் நிறைய ஆட்கள் அதைக் கேட்பார்கள். ஜெப்சன் கமிட்டியில் நெஞ்சை நிமிர்த்துவான். இன்னும் இரண்டு மூன்று வருடம் அவரை யாரும் அசைக்க முடியாது. அவளும் பொல்லாதவள் இல்லை, சரியண்ணா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவாள். போய் மரச்சீனி நறுக்குவாள். நறுக்கும்போது வாயில் என்ன இருக்கும்?

"ஆமா" என்றார் சத்தியராஜ். "ஞானசிங்குக்குள்ளதுதான்."

"எனக்கு அப்பமே தோணிச்சு" என்றாள் அவள். முகம் தெளிந்திருந்தது.

"நீ உள்ள வா. அது வேண்டாம். வேற பாடுவோம்."

கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். சத்தியராஜ் காகிதங்களை வரிசையாகத் திரும்ப வாங்கினார். "இந்தப் பாட்டு வேண்டாம் ஜெப்சா."

"ஏன் மாஸ்டரே?"

"வேற எடத்துல உள்ளதாக்கும். எனக்குத்தான் ஓர்மை இல்லாமப் போச்சு."

ஓ என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். எல்லோரும் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. தங்கபாய் கால் சத்தம் கேட்காமல் பின்வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள்.

ஜெப்சன் கீபோர்டை அணைத்தான். அவர் முகத்தைப் பார்க்காமல், "அப்பம்... டிராக் ஒண்ணு பாக்கட்டா மாஸ்டரே? சும்மா பாடிப் பாப்போம்" என்றான்.

"போடு."

அவன் போனை ஒலிபெருக்கியில் இணைத்தான். பதினெட்டுப் பேரும் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கம்போல் சத்தியராஜின் வலது கையைப் பார்த்தார்கள். அவர் கையை உயர்த்தினார். கை தோளுக்கு வருவதற்குள் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது.