ஏழாமிடத்தில் யுரேனஸ்

அன்று நீர்வேலியில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மார்க்கண்டு என்னும் நான், என் தங்கை பாலேஸ்வரி, தகப்பனை இழந்த அவள் மகள் ஆரணி, பெண் பார்க்க வந்த கோப்பாய்க் குகதாசன், அவர் மகன் மயூரதன். ஆறாவது ஆள் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

குகதாசன் செருப்போடு உள்ளே வந்தார். பொறுத்தேன். அவர் தேநீர் உறிஞ்சிய சத்தம் வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்கும். அதையும் பொறுத்தேன். வடையைக் கடித்துக்கொண்டே, கணினியில் அச்சிட்ட ஆரணியின் சாதகத்தை எண்ணெய் விரலால் விரித்தார்.

"பிள்ளைக்கு ஏழாமிடத்திலை யுரேனஸ் நிக்குது. கலியாணத்தைக் குலைக்கிற கிரகமாம். பரிகாரம் செய்ய வேணும்."

"கோயிலிலை நாங்கள் சுத்துறது ஒன்பதைத்தான். உது எந்த மூலையிலை நிக்குது?" என்றேன்.

"உங்களுக்கு உதுகள் விளங்காது, அண்ணை. இது லண்டன் கணக்கு."

ஆரணி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். "மாமா, அது ஆரையும் குலைக்காது. பாவம், தானே பக்கவாட்டிலை சரிஞ்சு கிடந்து உருளுது" என்றாள். சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு எண்பத்து நான்கு வருடமாம். துருவத்தில் நாற்பத்திரண்டு வருடம் பகல், பிறகு அதேயளவு இரவு. சுற்றிவரக் கரிய, மெல்லிய வளையங்கள்.

மயூரதன் கதிரையை முன்னுக்கு இழுத்தான். "அந்த நீலப்பச்சை நிறம்?"

"மெதேன் வாயு. ஆனால் முகிலிலை ஐதரசன் சல்பைட்டு. கிட்ட மூக்கைக் கொண்டுபோனால் கூழ்முட்டை மணக்கும்."

"போகாமல் எப்பிடிக் கண்டுபிடிச்சவை?"

"வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்து."

"அப்ப என்ரை சாதகத்திலையும் எங்கையோ மணந்துகொண்டுதான் நிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். பாலேஸ்வரியின் முகம் மலர்ந்தது. எனக்கும் பையனைப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் கூழ்முட்டை என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து குகதாசன் ஓங்காளித்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த வடையை எல்லோருக்கும் பொதுவான தட்டிலேயே துப்பினார், மிஞ்சியிருந்த வடைகளின் மேல். எச்சில் நூலாக அவர் நாடியில் தொங்கியது. விரலைக் கதிரைத் துணியில் துடைத்தார்.

"சைவ வீட்டிலை முட்டைக் கதை கதைக்கிற பெட்டை! வளத்த வளப்பு அப்பிடி."

அந்த வாயிலிருந்து ‘வளப்பு’ என்ற சொல்.

"எழும்பும்" என்றேன்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ..." பாலேஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

"நீ பேசாமல் இரு. எழும்பும் காணும், வெளியிலை போம்."

குகதாசன் போனார். மயூரதன் தட்டை எடுத்துக் குழாயடியில் கொட்டி, கழுவி, ஆரணியின் கையில் கொடுத்து, "குறை நினையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் தகப்பனின் பின்னால் போனான். அந்தத் தட்டை எறியச் சொன்னேன். அவள் இன்னும் எறியவில்லை.

இப்போது கோப்பாய்ச் சந்தியில் ஒரு கதை உலவுகிறது: பெண்ணின் உடம்பில் கூழ்முட்டை மணமாம், தாங்க முடியாமல் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து ஓடிவிட்டார்களாம்.

பிழை. மணப்பது யுரேனஸ். அவர்களை எழுப்பி அனுப்பியது நான்.