காணாமல் போன ஊசிமுனை

என் நாத்தனாருக்குத் தையல் கூடத்தில் பூச்சி என்று பெயர். வாயில்லாப்பூச்சி என்று முழுதாகச் சொல்ல எங்களுக்கு ஏது நேரம்? யாராவது அவள் காலை மிதித்தால்கூட, மிதித்தவரிடம் இவள்தான் மன்னிப்புக் கேட்பாள். வீட்டில் அவள் பங்குக்கும் சேர்த்து நான் பேசுவேன். அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை.

அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனி. என் மெஷினுக்கு அடுத்தது அவளுடைய மெஷின்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அது துணிக்குள் மாட்டியிருக்குமோ என்று எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுத் தேட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் வேலை நின்றால் சூப்பர்வைசர் கத்துவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சைரன். அதனால் ஆளுக்கொரு ஊசியைக் காலருக்கு அடியில் குத்தி வைத்திருப்போம். உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வோம். முனை எங்கே போயிற்று என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

அன்று சரக்கு ஏற்ற வாசலில் லாரி நின்றது. “இன்னிக்கு யாரால லாரி லேட்டாகுதோ, அவங்க நாளைக்கு வரவே வேண்டாம்” என்று சைரன் காலையிலேயே ஊதிவிட்டார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பூச்சியின் மெஷின் நின்றது. எட்டிப் பார்த்தேன். ஊசியின் முனை மட்டும் போயிருந்தது. எப்போது போனதோ, தையல் விட்டுவிட்டு விழுந்த பிறகுதான் கவனித்திருக்கிறாள். மடியைப் பார்த்தாள், தரையைத் தடவினாள். அதுவரை தைத்தவை அயர்ன் மேஜையைத் தாண்டிப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டன.

என் காலரிலிருந்த ஊசியை எடுத்து நீட்டினேன். “மாத்திக்கோ. வாயத் திறக்காத.”

“முனை கிடைக்கல அண்ணி.”

“அது போனா போகட்டும். நீ கையத் தூக்கினா நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிடும்டி.”

அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். என் உள்ளங்கை அளவுகூட இல்லை அது.

“இதப் போட்டுக்கிற குழந்தைக்கு எங்க குத்துதுன்னு சொல்லத் தெரியாதே அண்ணி” என்றாள். கையைத் தூக்கிவிட்டாள்.

சைரன் ஓடி வந்தார். “என்னம்மா?”

“ஊசிமுனையக் காணோம் சார். பெட்டியப் பிரிக்கணும்.”

கூடம் முழுக்க அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கட்டின பெட்டியையா? லாரி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? உன்ன யாரு வேலைக்குச் சேர்த்தது?”

நீட்டிய ஊசியைச் சட்டென்று மறுபடி என் காலருக்கு அடியில் குத்திக்கொண்டேன். பூச்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் தூக்கிய கையை மட்டும் இறக்கவில்லை.

அப்போது அயர்ன் போடும் அண்ணன் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். நடந்து போய் ஒரு அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்தார். அடுத்து இரண்டு பெண்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பிறகு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றே தெரியவில்லை. ஒவ்வொரு சட்டையாக, தையல் தையலாக, விரலால் நீவிப் பார்த்தோம்.

“ஸ்ஸ்!” என்று ஒருத்தி விரலை உதறினாள். வெள்ளைச் சட்டையின் தோள் தையலுக்குள் இருந்தது அது, கடுகளவு. அதை எடுத்துச் சைரனின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. அவர் கையை மூடவும் இல்லை, கத்தவும் இல்லை. லாரி பொழுது சாய்ந்துதான் போனது.

மறுநாள் இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். வாசலில் சைரன் ஒரு காலி டப்பாவோடு நின்றார்.

“காலர்ல இருக்கறதெல்லாம் இதுல போடுங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. இனிமே உடைஞ்சா சொல்லுங்க, முனை கிடைக்கலேன்னா லாரி நின்னாலும் தேடிடலாம், புது ஊசி தரேன். கத்த மாட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரொம்பக் கத்த மாட்டேன்” என்றார்.

பூச்சியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவள் எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். டப்பாவில் முதலில் விழுந்தது என் ஊசி.

அப்புறம் எங்கள் கூடத்துப் பெண்கள் கல்யாணமாகியும் வீடு மாறியும் வேறு வேறு ஊர்க் கம்பெனிகளுக்குப் போனார்கள். போன இடத்தில் கையைத் தூக்கி, திட்டு வாங்கி, மறுபடியும் தூக்கினார்களாம். பார்க்கும்போது சொல்லிச் சிரிப்பார்கள்.

போன மாதம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. யாரோ ஒரு சட்டை வாங்கி வந்திருந்தார்கள். எந்த ஊரில் தைத்ததோ, கேள்விப்படாத கம்பெனி. பழக்கதோஷம், பேத்திக்குப் போடுமுன் தோள், காலர், அக்குள் என்று விரலால் நீவினேன். எங்கும் ஒன்றும் குத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ன அண்ணி?” என்றாள் பக்கத்திலிருந்த பூச்சி.

“ஒண்ணுமில்லடி. எங்கயோ ஒரு பூச்சி கையத் தூக்கியிருக்கா. அவ நல்லா இருக்கணும்.”

அவள் சட்டையை என்னிடமிருந்து வாங்கி, குழந்தைக்குப் போட்டுவிட்டாள்.