பெட்டியக்கா வருகிற நாள்

குடிநீர் அலுவலகத்தில் அதை வால் தெரு என்பார்கள். மேட்டுத் தொட்டியில் கிளம்புகிற குழாய் எங்கெங்கோ சுற்றி, நூறு கிளை பிரிந்து, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேருகிற இடம். முப்பது வீடு. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், ஏழரைக்கு நின்றுவிடும்.

அந்தத் தெருவுக்கு மாதம் ஒருமுறை நீலநிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வருவாள். நாற்பதைத் தாண்டியவள், அலுவலக ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை. தெருவில் அவளைப் பெட்டியக்கா என்று கூப்பிட்டார்கள். படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய வேலைக்குப் பெட்டியின் பெயரையா வைப்பார்கள் என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். குழாய் வாயைப் பஞ்சு நெருப்பால் சுட்டு, தண்ணீரை ஓடவிட்டு, நீராவியில் சுத்தம் செய்த புட்டியில் மாதிரி பிடித்து, விரல் படாமல் மூடுவாள். அப்படி இருபத்திரண்டு மாதமாக வால் தெருத் தண்ணீர் தேறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முடிவுத்தாளின் கீழும் அவள் கையெழுத்து.

நான்கு மாதத்துக்கு முன் அவளுடைய தங்கை அதே தெருவில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தாள். புருஷன், இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் பெட்டியக்கா சோதனைக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பாப்பாவுக்கு மறுபடியும் வயித்தால போகுது."

"மறுபடியுமா?"

"இந்த மாசத்துல மூணாவது தடவை. தண்ணி காய்ச்சித்தான் குடுக்குறியான்னு டாக்டரம்மா கேக்குறாங்க."

"காய்ச்சித்தானே குடுக்குற?"

"எதுக்குக் காய்ச்சணும்? எங்க அக்காதான் டெஸ்ட் பண்றா, நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போட்டுத் தெருமுனையில ஒட்டியிருக்காங்கன்னு சொன்னேன். அந்தம்மா ஒரு மாதிரி பாத்தாங்க."

பெட்டியக்கா கையிலிருந்த சோதனைக்குழாயைக் கீழே வைத்தாள். "நல்ல தண்ணிதான். ஆனாலும் காய்ச்சு" என்றாள்.

"நல்ல தண்ணின்னா எதுக்குக்கா காய்ச்சணும்?"

போனை வைத்துவிட்டு, இருபத்திரண்டு தாள்களையும் எடுத்து மேசைமேல் பரப்பிப் பார்த்தாள். ஒரு தாளில்கூட ஒரு பழுது இல்லை. அதுதான் அவளுக்கு முதல்முறையாக உறுத்தியது. நடுத் தெருக்களிலேயே வருடத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது இடறும். வால் தெரு மட்டும் வகுப்பில் முதல் மாணவி மாதிரி நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டே இருக்குமா?

அடுத்த முறை போனபோது, வழக்கம்போல் நேராகக் குழாயடிக்குப் போகாமல், ஜீப்பிலிருந்து இறங்கித் தெருமுனையிலேயே நின்று பார்த்தாள். தெருவே அமளிதுமளிப்பட்டது. குடம், அண்டா, வாளி, மூடியில்லாத பெயிண்ட் டப்பா, குழந்தை குளிக்கிற தொட்டி, எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். துணி தேய்க்கிற அம்மாள் இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு ஓடினாள்.

"என்னம்மா, நாளைக்குத் தண்ணி வராதா?"

"வராம என்ன, வரும். நாளைக்கு வர்றதை யார் குடிப்பா? இன்னைக்குத்தான நல்ல தண்ணி. நீங்க வர்ற நாளாச்சே!"

"நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து சாயந்தரமே தெரியும். தெருக்கோடி வால்வைத் திறந்து, குழாயில தேங்கின தண்ணியைச் சாக்கடையில விட்டாங்கல்ல? அப்படி விட்டா மறுநாள் பெட்டியக்கா வரும். இதுகூடத் தெரியாதா? ரெண்டு வருஷமா இதுதானே நடக்குது." வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கனிவாகச் சொன்னாள்: "நீங்க மாசத்துக்கு ஒரு தடவை வர்றீங்க. வாராவாரம் வந்தா புண்ணியமாப் போகும்."

பெட்டியக்கா குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தாள். குளோரின் இருந்தால் தண்ணீர் சிவக்கும். ரோஜாப்பூ மாதிரி சிவந்தது. பரிசோதிக்கவே தேவையில்லை, வாசனையே மூக்கைத் துளைத்தது. இரண்டு வருடமாக அதை நல்ல அறிகுறி என்று குறிப்பில் எழுதி வந்திருக்கிறாள்.

ஜீப்பை நேராகத் தொட்டியடிக்கு விடச் சொன்னாள். வால்வுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் எந்தத் தெருவுக்குப் போறேன்னு உங்களுக்கு யாருங்க முன்கூட்டியே சொல்றது?"

"என்ன மேடம் கேள்வி இது? நீங்கதான்."

"நானா?"

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். ஜீப் கேட்டு அவள் எழுதிய சீட்டு. போகிற இடம், தேதி, நேரம், கீழே அவள் கையெழுத்து. அந்தச் சீட்டை மூன்று நகல் எழுத வேண்டும். ஒன்று வண்டிக் கொட்டகைக்கு, ஒன்று கோப்புக்கு. மூன்றாவது நகல் எங்கே போகிறது என்று எட்டு வருடமாக அவள் கேட்டதே இல்லை. அதன் மூலையில் "பராமரிப்புப் பிரிவு, தகவலுக்காக" என்று ரப்பர் முத்திரை.

"இது கையில வந்ததும் கோடி வால்வை ஒரு மணி நேரம் திறந்து விட்டுடுவோம். ராத்திரி குளோரின் மருந்து கொஞ்சம் தூக்கலாப் போடுவோம். இன்ஜினியர் சார் உத்தரவு. உங்க மேல மரியாதை மேடம்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல நீங்க வரலையே!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அத்தனை கடமையாகச் செய்திருக்கிறார் மனிதர்.

இன்ஜினியரிடம் போனாள். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டைக் கூட்டி வெக்கிறது தப்பாம்மா?"

"நான் விருந்தாளி இல்ல சார். கூட்டாத வீடு எப்படி இருக்குன்னு பாக்கத்தான் என்னை வேலைக்கு வெச்சிருக்கு."

"நல்ல ரிசல்ட் வந்தா சந்தோஷப்படுற ஆளை நான் பாத்திருக்கேன். வருத்தப்படுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"அப்போ இனிமே சீட்டு எழுதாம போறேன்."

"சீட்டு இல்லாம ஜீப் கிடையாது."

"பஸ்ல போறேன்."

"போங்க. பட்டியல்ல இல்லாத மாதிரிக்குப் பதிவு எண் கிடையாது. எண் இல்லாத மாதிரி குப்பைக்குச் சமானம். விதியைப் படிங்கம்மா."

விதியை அவள் படித்தாள். மனிதர்கள் கடுப்பேற்றினால் அவளுக்குப் படிக்க வரும். மதியச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்து, தூசி படிந்த விதிப் புத்தகத்தின் ஐம்பத்தாறாம் பக்கத்தில் ஒரு வரியைப் பிடித்தாள்: தண்ணீரைப் பயன்படுத்துகிற யாராவது எழுத்தில் புகார் தந்தால், முன்னறிவிப்பு இல்லாமல் மறுநாளே மாதிரி எடுக்கலாம், அதற்குத் தனி எண் உண்டு. மாதிரி தேறாவிட்டால் அன்றைக்கே சுகாதார அலுவலகத்துக்கு எழுத வேண்டும். குழாயைச் சரி செய்துவிட்டுத்தான் மறு சோதனை.

ஒரே ஒரு புகார். முப்பது வீட்டில் ஒருவர் எழுதித் தர மாட்டாரா?

மாட்டார்கள். துணி தேய்க்கிற அம்மாள், "எனக்குக் கையெழுத்து வராது" என்றாள்; அவள் வாசலிலேயே கடன் கணக்குச் சிலேட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர், "எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார். எதிர்வீட்டு அம்மாள், "நீங்க அடிக்கடி வந்தாலே போதுமே, புகார் எதுக்கு?" என்றாள். தங்கை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்தான் ஒளிக்காமல் சொன்னார்.

"புகார் குடுத்தா ஆள் வரும். ஆள் வந்தா இதைப் பாக்கும்." கால் பெருவிரலால் சாக்கு மூடியிருந்த ஒன்றைக் காட்டினார். தெருக் குழாயிலேயே நேராக மாட்டிய மோட்டார். "என் வீட்ல மட்டும்னு நெனைக்காதீங்க. தெரு பூரா இருக்கு."

பெட்டியக்காவுக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. முப்பது மோட்டாரும் ஒரே நேரத்தில் உறிஞ்சினால் குழாயில் தண்ணீர் ஏது? வெறும் குழாயை உறிஞ்சினால் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்துதான் வரும். அதைச் சொன்னாள். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் நிறுத்தட்டும், நானும் நிறுத்துறேன்" என்றார்.

மாடிக்குப் போனாள். கொடி முழுக்கக் குழந்தைத் துணி. இரண்டு நாளில் அழுக்கானது மட்டும் எத்தனை துணி என்று எண்ணவே முடியாது. குழந்தை அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. பெட்டியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது நகலைச் சொன்னபோது மட்டும் குரல் இறங்கியது.

தங்கை குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "நாலு மாசமா இதுக்கு நான் சாக்கடையக் குடுத்திருக்கேன்" என்றாள். "உன் கையெழுத்தைப் பாத்துட்டு."

"ஆமா."

"அந்த டாக்டரம்மாகிட்ட எவ்வளவு பெருமையாச் சொன்னேன் தெரியுமா?"

"தெரியும்டி. போதும், விடு."

"என்னத்த விடுறது? உனக்கு இப்ப நான் புகார் வேற எழுதித் தரணும். எழுதினா கீழ இருக்குறவரு நாளைக்கே காலி பண்ணச் சொல்வாரு. இந்த வீடு தேடி நாங்க அலைஞ்ச அலைச்சல் உனக்குத் தெரியாதா?"

"அப்போ எழுதாத. தண்ணியக் காய்ச்சிக் குடு. பாப்பா தேறிடுவா."

"அப்புறம் மத்தவங்க?"

"மத்தவங்க என் கையெழுத்தைப் பாத்துட்டுக் குடிப்பாங்க."

தங்கை அக்காவை முறைத்தாள். சின்ன வயதில் பங்கு பிரிக்கும்போது முறைப்பாளே, அதே முறைப்பு. குழந்தையை அக்காவின் மடியில் தொப்பென்று வைத்தாள்.

"பேனாவக் குடு. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி வார்த்தை வார்த்தையா சொல்லாத. நானே எழுதுவேன்."

அவள் எழுதியது இவ்வளவுதான்: "ஐயா, எங்கள் தெருவில் தண்ணீர் கெட்டு வருகிறது, உங்கள் ஆள் வருகிற நாள் தவிர. என் குழந்தைக்கு இரண்டு வயது."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பெட்டியக்கா ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். கண்டக்டர், "பெட்டியில மீனா?" என்று கேட்டார். வால் தெருவில் அன்றைக்கு அமளி இல்லை. மோட்டார்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. குழாயைச் சுட்டு, ஓடவிட்டு, பிடித்தாள். மருந்துச் சொட்டு விட்டாள். தண்ணீர் சிவக்கவே இல்லை. குலுக்கிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விட்ட சொட்டு போன இடம் தெரியவில்லை.

புகார் கொடுத்தது தங்கை, சோதிப்பது அக்கா என்று நாளைக்குப் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இன்னொரு புட்டியிலும் பிடித்து, சுகாதார அலுவலகத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டுத்தான் தன் மேசைக்கு வந்தாள். சோதனைக்குழாய்களில் தண்ணீரை ஊற்றி, கிருமி வளர்க்கிற இளஞ்சூட்டு அலமாரியில் வைத்தாள். அன்றைக்கு அதன் கதவை இரண்டு தடவை திறக்கப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். கிருமி வளர ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டால் அதற்கு என்ன?

அடுத்த நாள் திறந்தாள். ஒவ்வொரு சோதனைக்குழாய்க்குள்ளும் கவிழ்த்து வைத்த குட்டிக் குழாய் உண்டு. கிருமி இருந்தால் அதில் காற்றுக் குமிழி நிற்கும். வரிசையாக எல்லாவற்றிலும் நின்றது. இருபத்திரண்டு மாதமாகப் பிடிபடாத ஒன்று பிடிபட்டால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அந்தத் துவண்ட குழந்தைதான் கண்ணில் நின்றது. மையினால் பதிவேட்டில் எழுதிவிட்டு, சுகாதார அலுவலகத்துக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் இன்ஜினியர் அறைக்குப் போனாள்.

"தங்கச்சி புகார் குடுப்பா, அக்கா சோதிப்பாங்க. குடும்ப விழாவா நடத்துறீங்க?"

"சுகாதார அலுவலக ஆய்வுக்கூடத்துலயும் இதேதான் வந்திருக்கு சார். அவங்க யாரும் எங்களுக்குச் சொந்தம் இல்ல."

"நாளைக்கு வால்வைத் திறந்து விட்டுட்டு இன்னொரு மாதிரி எடுங்க. முடிஞ்சுது."

"குழாயைச் சரி பண்ணிட்டுத்தான் எடுக்கணும். ஐம்பத்தாறாம் பக்கம். விதியைப் படிக்கச் சொன்னது நீங்கதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வேறு வேலை அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்கப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன, யாருக்கும் நல்ல பெயர் வாங்கித் தராமல். காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாக அறிவிப்பு ஒட்டினார்கள். மோட்டார்களைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். தெருவைத் தோண்டி, நாலு இடத்தில் விண்டிருந்த குழாயை எடுத்துவிட்டு, சாக்கடைக்கு ஒரு முழம் தள்ளிப் புதுக் குழாய் போட்டார்கள். பன்னிரண்டு நாள் லாரித் தண்ணீர். தெரு முழுக்கப் பெட்டியக்காவைத்தான் திட்டியது. "நல்லா இருந்த தெரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "மாசத்துக்கு ஒரு நாளாவது நல்ல தண்ணி வந்துச்சு, அதுவும் போச்சு" என்றாள் துணி தேய்க்கிற அம்மாள். இன்ஜினியரும் திட்டினார். சுகாதார அலுவலகத்திலிருந்து மட்டும் ஒரு கடிதம் வந்தது: இனி வண்டிச் சீட்டில் தெருவின் பெயரை எழுதக் கூடாது, மூன்றாவது நகலும் வேண்டாம். வால்வுக்காரர்தான் ரொம்ப வருத்தப்பட்டார். "என் மேல நம்பிக்கை போயிடுச்சா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வீட்டுக்காரர் தங்கையைக் காலி பண்ணச் சொல்லவில்லை. பேசுவதைத்தான் நிறுத்தினார். "அது ஒரு விதத்துல நிம்மதிதான்" என்றாள் தங்கை.

புதுக் குழாயில் தண்ணீர் விட்டு மூன்று வாரம் ஆனபின் ஒருநாள் தங்கை போன் செய்தாள்.

"தண்ணி நூலாட்டம் வருது. ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆகுது. மாடிக்குத் தூக்கித் தூக்கிக் கை வலிக்குது. உனக்குத் திருப்திதானே?"

"பாப்பா?"

"அவளுக்கென்ன, வீட்டைத் தலைகீழாக்குறா. இப்பத்தான் உப்பு டப்பாவைக் கவுத்தா. ஏய், வைடி அதை! சரி, நீ எப்ப வர்ற டெஸ்ட் பண்ண?"

"சொல்ல மாட்டேன்."

"அக்கா, நான் உன் தங்கச்சி."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

"முன்னாடியே சொன்னா ஏதாவது நல்லதா சமைச்சு வெப்பேன்ல?"

"சமைக்காத அன்னைக்கே வர்றேன்" என்றாள் பெட்டியக்கா. "மிச்சம் மீதி என்ன இருக்கோ, அதைப் போடு."